சீனா முசியேயின் சாம்பல்

முட்டிவலித் தைலமும் வாட்ஸ்அப்புமாகப் பொழுதைத் தள்ளிக்கொண்டிருக்கும் என் வயதுக்காரர்களே, நான்காம் வகுப்பில் என்னை நீங்கள் "மீன்காரி" என்று கூப்பிட்டது ஞாபகம் இருக்கிறதா? இருக்காது. கூப்பிட்டவர்களுக்கு மறந்துவிடும், கூப்பிடப்பட்டவளுக்குத்தான் நிற்கும். சண்டைக்காகக் கிளறவில்லை. அந்தப் பட்டப்பெயருக்குக் காரணமான சொல் எங்கள் வீட்டில் ஒரு மனிதரின் முப்பது வருஷ வேலையை ஒரு தடவை காப்பாற்றியது. காப்பாற்றியதை ஒரே வாரத்தில் நாங்களே அழித்தோம். அதைத்தான் சொல்ல வந்தேன்.

போன வருஷம் மழைக்கு முன்னால் ஒரு பெண் என்னைத் தேடிப் புதுச்சேரி உப்பளத்தில் என் வீட்டுக்கு வந்தாள். ஊர் விழுப்புரம் பக்கம். டில்லியில் சீன மொழி படித்து, பழைய சீனர்களின் சடங்கு சம்பிரதாயங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். கையில் நகல் எடுத்த நான்கு பக்கங்கள் இருந்தன. சைகோனில் அந்தக் காலத்தில் வெளிவந்த ஒரு பத்திரிகையில் பிரெஞ்சில் அச்சான கட்டுரை. அடியில் என் பெரியப்பாவின் பெயர். சீனப் பண்பாட்டைத் தமிழுக்குக் கொண்டுவர உட்கார்ந்து உழைத்த ஆள் இவரைத் தவிர வேறு யாரையும் தான் கண்டதில்லை என்றாள். கட்டுரையின் கடைசியில், சீன எழுத்துகளுக்கும் வழக்கங்களுக்கும் தமிழில் ஒரு அகராதி தயாரித்து வருவதாக அவரே எழுதியிருக்கிறார். அதை விரலால் காட்டினாள்.

"அந்த அகராதி எங்கம்மா இருக்கு?" என்றாள்.

நான் பித்தளைச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். பயணத்தில் வந்தவளுக்குத் தாகம். முழுச் செம்பையும் குடித்தாள்.

"எரிச்சு, சாம்பலக் கடல்ல விட்டாச்சு" என்றேன்.

அவள் முகம் மாறியது. சீனர்களுக்கு அப்படி ஒரு வழக்கம் உண்டு, எழுதிய தாளைக் காலில் படவிடாமல் எரித்துச் சாம்பலை நீரில் விடுவார்கள் என்று எனக்கே விளக்கினாள். தெரியும் என்றேன். மளமளவென்று எழுதிக்கொண்டாள். போகும்போது என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

நான் சொன்னதில் பாதி பொய். அதை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

பெரியப்பா என் அப்பாவுக்கு அண்ணன். இருபது வயதில் கப்பலேறிச் சைகோனுக்குப் போனவர். பிரெஞ்சுக்காரர்களின் கோர்ட்டில் குமாஸ்தா. கோர்ட்டுக்குப் பக்கத்திலேயே சீனர்கள் வாழும் பேட்டை. வழக்குக்கு வருகிற சீனர்கள் கொண்டுவரும் காகிதங்களில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் முத்திரை குத்துவது அவருக்குப் பிடிக்கவில்லையாம். அதற்காகப் படிக்கத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. உத்தியோகம் முடிந்து, பெரியம்மாவையும் பதினோரு இழுப்பறை கொண்ட ஒரு கறுப்பு மர அலமாரியையும் கூட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பினார். பெரியம்மா அந்த ஊர்க்காரி. தமிழ் பேசுவாள், ஆனால் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டுச் சிரிப்பாள். குழந்தை இல்லை. எங்கள் வீட்டு மாடியறை அவர்களுடையது.

தெருவில் அவருக்குப் பெயர் "சீனா முசியே". முசியே என்றால் ஐயா என்று புதுச்சேரிக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கிண்டல் பாதி, மரியாதை பாதி. அவர் இரண்டையும் கவனிக்கவில்லை. எங்களைக்கூட அவர் கவனித்ததில்லை. என் பெயரை என் தங்கையின் பெயரோடு குழப்பிக்கொள்வார். படிக்கட்டில் எதிரே வந்தால் சுவரோடு ஒதுங்கி, பெரிய மனிதருக்கு விடுவதுபோல எனக்கு வழிவிடுவார். அவ்வளவுதான் எங்கள் உறவு.

காலையில் எழுந்ததும் மாடியிலிருந்து கரகரவென்று மெல்லிய சத்தம் வரும். கல்லில் தண்ணீர் விட்டு மைக்கட்டியை உரைப்பார். அந்த மைக்குக் கற்பூரமும் புகையும் கலந்த ஒரு வாசனை. அதோடு பெரியம்மாவின் ஜாடியிலிருந்து வரும் நாற்றம். அவர்கள் ஊரில் மீனை உப்பில் ஊறவைத்து வடிக்கும் சாறு. அதை ஊற்றாமல் அவளுக்குச் சோறு இறங்காது. மாடிப்படி ஏறினால் முதலில் ஜாடி நாற்றம், பிறகு மை வாசனை, கடைசியில் காய்ந்த ஆரஞ்சுத் தோல் போட்ட தேநீர். கண்ணைக் கட்டிவிட்டாலும் எத்தனையாவது படி என்று சொல்லிவிடுவேன்.

இழுப்பறைகளில் இருந்தவைதான் அகராதி. உள்ளங்கை அகல அட்டைகள், ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சீன எழுத்து, கீழே பொடித் தமிழில் பொருள், அதற்கும் கீழே அந்தச் சொல்லை ஒட்டிய பழக்கவழக்கம். அவ்வப்போது எழுதியதைச் சாப்பாட்டு வேளையில் அப்பாவுக்குப் படித்துக் காட்டுவார். தேயிலை என்பதில் "தே" சீனர்களுடையது, இலைதான் நம்முடையது என்று ஒரு அட்டை. சம்பான் படகு என்றால் அவர்கள் பாஷையில் மூன்று பலகை என்று ஒன்று. செத்தவர்களுக்கு அவர்கள் படைக்கும் விதமும் நாம் அமாவாசைக்குப் படைக்கும் விதமும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்று ஒரு கட்டு முழுக்க அட்டைகள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே "சரிங்கண்ணா" என்பார். ரசம் ஆறிக்கொண்டிருக்கும்.

அந்த அட்டைக்கு பிரெஞ்சில் ஃபிஷ் என்று பெயர். எங்கள் வீட்டில் அம்மாவிலிருந்து தங்கைவரை எல்லாருக்கும் அது ஃபிஷ்தான். வேறு பெயர் உண்டு என்றே தெரியாது. அந்த வருஷம்தான் நமக்குப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் தொடங்கினார்கள். டீச்சர் மீன் படத்தைத் தூக்கிக் காட்டி "ஃபிஷ்" என்றார். நான் எழுந்து, எங்கள் பெரியப்பாவிடம் பதினோரு பெட்டி நிறைய ஃபிஷ் இருக்கிறது, எல்லாவற்றிலும் சீன எழுத்து எழுதியிருக்கிறது என்றேன். அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். மீன்காரி.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. தெருவில் தண்ணீர் ஓடினால் கப்பல் விடாமல் இருக்க முடியுமா? பழைய நோட்டு எதுவும் கிடைக்கவில்லை. மாடியில் பெரியப்பா மேஜைக்கு அடியில் ஒரு பிரம்புக் கூடை இருக்கும். தப்பாக எழுதிய தாள்களைக் கசக்காமல் மடித்து அதில் போடுவார். அதிலிருந்து ஒன்றை எடுத்துக் கப்பல் செய்து விட்டேன். கப்பல் இரண்டு வீடு தாண்டிச் சாக்கடை மூலையில் கவிழ்ந்தது. மாடி ஜன்னலிலிருந்து அவர் பார்த்திருக்கிறார். குடைகூட இல்லாமல் இறங்கி ஓடிவந்தார். அவர் ஓடியதை அன்று ஒரு நாள்தான் பார்த்தேன். சாக்கடையில் கைவிட்டு அந்தத் தாளை எடுத்து, சட்டை முனையால் ஒற்றினார். அடி விழும் என்று நின்றேன். திட்டவில்லை. மழையில் நனைந்துகொண்டே, கோர்ட்டில் தீர்ப்புப் படிப்பவர் மாதிரி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"எழுதின தாள் கால்ல படக் கூடாதும்மா. வேணாம்னு ஆயிட்டா எரிச்சிடணும். சாம்பலக் கடல்ல விடணும். அதான் எழுத்துக்கு மரியாதை."

காகிதம் காலில் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீட்டில் வளர்ந்தவள்தானே நான். அவர் சொன்னது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. அந்தத் தாளைக் கொடியில் காயப்போட்டார். மாடியில் அதற்கென்றே ஒரு மண்சட்டி இருந்தது. மாதப் பிறப்பன்று கூடையில் சேர்ந்ததை அதில் எரிப்பார். சாம்பலை ஒரு துணியில் முடிந்துகொண்டு துறைமுகம் பக்கம் நடப்பார். தண்ணீரில் இறங்கி, குனிந்து, துணியை உதறுவார். யாராவது பார்க்கிறார்களா என்று அவர் பார்த்ததில்லை. ஆனால் பார்த்தார்கள்.

அதற்குள் எல்லையில் சீனாக்காரனோடு சண்டை மூண்டுவிட்டது. ரேடியோ இருந்த வீடுகளின் ஜன்னலுக்குக் கீழே கூட்டம் நின்றது. நமக்கெல்லாம் வடக்கு எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது, ஆனால் கோபம் வந்துவிட்டது. சீனா முசியே என்ற பெயரில் இருந்த மரியாதைப் பாதி கழன்று விழுந்தது. தெருப் பிள்ளைகள் பெரியம்மாவின் கண்ணைப் போல விரலால் கண்ணை இழுத்துக் காட்டினார்கள். அவள் பெரிய மார்க்கெட்டுக்குப் போவதை நிறுத்தினாள். முசியே மாதாமாதம் எதையோ எரிக்கிறார், பொடியாக்கிக் கடலில் போடுகிறார், கடலில் யாரோ வந்து வாங்கிக்கொள்கிறார்கள் என்று பேச்சு. சாம்பலை யார் வாங்குவார்கள் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஒரு மத்தியானம் ஜீப் வந்து நின்றது. பிரெஞ்சுக்காரன் போனபிறகு மதராஸ் பக்கத்திலிருந்து வந்த அதிகாரி ஒருவர், கூட நம் ஊர்ப் போலீஸ்காரர் ஒருவர், பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்தே வேலையில் இருப்பவர். அதிகாரி மரியாதையானவர்தான். கொஞ்சம் விசாரிக்க வேண்டும், கூட வாருங்கள் என்று பெரியப்பாவிடம் சொன்னார். பெரியப்பா சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். அப்பா ஆபீசில் இருந்தார். பெரியம்மா மாடியில். அதிகாரி படிக்கட்டில் நாலு படி ஏறினார். ஜாடி நாற்றம் அடித்திருக்கும். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மேல என்னம்மா இருக்கு?" என்று அம்மாவைக் கேட்டார்.

"ஃபிஷ்தாங்க. பதினோரு பொட்டி" என்றாள் அம்மா.

"ஃபிஷ்ஷா? அவ்வளவு எதுக்கு?"

"அவருக்கு அதாங்க உசுரு. காலைல உக்காந்தா ராத்திரி வரைக்கும் அதோடதான்."

"கெட்டுப் போகாதா?"

"இல்லீங்க. வெயில் அடிச்சா மாடில பரப்பிக் காய வெச்சிடுவாரு. பூச்சி வராம வேப்பிலை போட்டு அடுக்கி வெப்பாரு."

அதிகாரி சுத்த சைவம் என்று பிறகு தெரிந்தது. ஏறிய நாலு படியையும் இறங்கிவிட்டார். அம்மா பொய் சொல்லவில்லை. அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, அவருக்கு பிரெஞ்சு தெரியாது. இரண்டும் தெரிந்தவர் நம் ஊர்ப் போலீஸ்காரர் ஒருத்தர்தான். அவர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு உத்தரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். ஜீப் போனதும் நான் சிரித்தேன். வகுப்பில் நான் பட்ட அவமானத்துக்கு ஒரு போலீஸ் அதிகாரியும் கூட்டு என்று சந்தோஷம். பெரியப்பா போய்விட்டது எனக்கு உறைக்கவில்லை.

அன்றும் மறுநாளும் அவர் வரவில்லை. அப்பா போய்க் கேட்டதற்கு, விசாரணை முடியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் காலை அப்பா பெரிய மார்க்கெட்டில் அந்த உள்ளூர்ப் போலீஸ்காரரைப் பார்த்தார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். அது மீன் இல்லை என்று அதிகாரி ஐயாவுக்குத் தெரிந்தால் திரும்ப வருவார், ஜாக்கிரதை என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா வாங்கிய காய்கறியை அங்கேயே வைத்துவிட்டு வெறும் பையோடு வந்தார்.

என் அப்பாவைக் கோழை என்று நினைக்காதீர்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். புது சர்க்காரில் அவர் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அண்ணன் உள்ளே இருக்கிறார். மாடியில் ஆயிரக்கணக்கான அட்டைகளில் சீன எழுத்து. அதைப் பார்த்தால் அண்ணனை விட மாட்டார்கள், அண்ணியையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அவர் பயந்தார். அந்த நாளில் அது காரணம் இல்லாத பயம் இல்லை.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு மாடியில் கூடினோம். பெரியம்மா அலமாரிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அப்பா மெதுவாகத்தான் பேசினார். புதைத்தால் மழையில் ஊறி வெளியே வரும், வேறு வீட்டில் வைக்க இப்போது யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், எரிப்பதைத் தவிர வழியில்லை என்றார். பெரியம்மா அசையவில்லை.

"தொடாதீங்க தம்பி. அவர் வந்து கேட்டா நான் இன்னா சொல்றது?" என்றாள். இந்த வாக்கியத்தைப் பாதியில் விடவில்லை, சிரிக்கவும் இல்லை.

அப்பா தலையைக் கையில் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அம்மா சுவரோரம் நின்றாள். பெரியவர்கள் எல்லாரும் வழி தெரியாமல் இருக்கும்போது எனக்கு மட்டும் வழி தெரிந்திருந்தது. அந்த வீட்டில் அதுவரை என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை.

"எழுதினத எரிக்கலாம்பா. எரிச்சிடணும், அதான் மரியாதைன்னு பெரியப்பாவே சொன்னாரு" என்றேன்.

அப்பா நிமிர்ந்தார். "அவரே சொன்னாரா?"

"ஆமா. எங்கிட்டதான் சொன்னாரு."

பெரியம்மா என்னையே பார்த்தாள். அவர் எரிப்பதையும் சாம்பலைக் கொண்டுபோவதையும் மாதாமாதம் பார்த்தவள் அவள். நான் சொன்னது அவளுக்கு நம்பும்படியாகத்தான் இருந்தது.

"நெசமா அவர் சொன்னாரா?" என்று என்னிடம் கேட்டாள். நான் தலையாட்டினேன். அவள் எழுந்து நாற்காலியை நகர்த்தினாள்.

வேணாம்னு ஆயிட்டா. அந்த இரண்டு சொல்லைத்தான் நான் விட்டுவிட்டேன். வேண்டுமென்று விடவில்லை. ஒன்பது வயதில் ஒரு வாக்கியத்தில் நமக்கு வேண்டியது மட்டும்தான் காதில் நிற்கிறது. எழுபது தாண்டியும் அப்படித்தான் என்று நீங்கள் சொல்லலாம். சொல்லுங்கள்.

மழைக்காலத்தில் காகிதப் புகை தனியாகத் தெரிந்துவிடும் என்று, கொல்லையில் வெந்நீர் அடுப்பைப் பற்றவைத்தார்கள். மேலே அண்டாவில் தண்ணீர். யாராவது எட்டிப் பார்த்தால் குளிக்க வெந்நீர் போடுகிறோம் என்று சொல்லலாம். நானும் தங்கையும் படியில் ஏறி இறங்கி இழுப்பறை இழுப்பறையாகக் கொண்டுவந்தோம். அப்பா அடுப்பு முன்னால் குந்திக்கொண்டு பிடி பிடியாகப் போட்டார். அட்டை கெட்டியானது, லேசில் பற்றாது. பற்றிவிட்டால் நின்று எரியும். எரிந்து கறுத்த பிறகும் மை எழுத்து மட்டும் ஈயம் மாதிரி மினுக்கிக்கொண்டு படிக்கிற மாதிரி இருக்கும். அப்பா கம்பியால் தட்டினால் உதிரும். "வெறகு எல்லாம் ஈரம். இது நல்லா எரியுது" என்றாள் அம்மா. அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அடுப்பு முன்னால் நிற்கிற எந்தப் பெண்ணும் சொல்லக்கூடிய பேச்சுதான் அது.

மூன்று அண்டா தண்ணீர் கொதித்தது. கொதித்த தண்ணீரை வீணாக்குவார்களா? எல்லாரும் குளித்தோம். அம்மா எனக்குத் தலைக்கு ஊற்றிச் சீயக்காய் தேய்த்துவிட்டாள். அந்த மழைக்கு அவ்வளவு இதமாக இருந்தது. பெரியம்மா மட்டும் குளிக்கவில்லை. அந்தச் சுகத்தை என் உடம்பு இன்னும் மறக்கவில்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடுப்பு ஆறியதும் அம்மா சாம்பலை அள்ளி, வழக்கம்போலப் பழைய தகர டப்பாவில் போட்டு வைத்தாள். அடுப்புச் சாம்பல் என்றால் பாத்திரம் துலக்க. எந்த வீட்டிலும் அப்படித்தான். கடலைப் பற்றி அவர் சொன்னது எனக்கு அப்போது ஞாபகத்திலேயே இல்லை.

ஐந்தாம் நாள் பெரியப்பா வந்துவிட்டார். அதே ஊர்ப் போலீஸ்காரர் தெருமுனைவரை கூட வந்து விட்டுவிட்டுப் போனார். பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிற கிழவர், வேறு ஒன்றும் இல்லை என்று விசாரணையை முடித்துவிட்டார்களாம். அந்த அதிகாரி திரும்பி வரவே இல்லை. எதற்கும் வரவில்லை. அட்டைகள் இருந்த இடத்திலேயே இருந்திருக்கலாம்.

அவர் மாடிக்குப் போனார். நான் படிக்கட்டின் கீழே நின்றேன். இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்து மூடும் சத்தம் கேட்டது. எண்ணினேன். பதினோராவதுக்குப் பிறகு சத்தம் இல்லை. அப்பா வாசல் பக்கம் போய்விட்டார். பெரியம்மா தாழ்ந்த குரலில் நடந்ததைச் சொல்வது கேட்டது, நடுவில் என் பெயரும். ரொம்ப நேரம் கழித்து அவர் இறங்கி வந்தார். எனக்கு வழிவிட்டு ஒதுங்கவில்லை, எதிரே வந்து நின்றார். முதல் தடவையாக என் பெயரைச் சரியாகச் சொல்லிக் கூப்பிட்டார்.

"சாம்பல் எங்கம்மா?"

கொல்லையில் அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் நின்றது.

"கடல்ல போட்டுட்டேன் பெரியப்பா."

"நீயா கொண்டு போன?"

"ஆமா."

"எந்தப் பக்கம்?"

"நீங்க போடுவீங்களே, துறைமுகம் பக்கம். அங்கதான்."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். "நல்லது" என்றார். மாடிக்குப் போய்விட்டார். கொல்லையில் பாத்திரச் சத்தம் மறுபடி தொடங்கியது, முன்னைவிட மெதுவாக.

இதில் அழுகிற இடம் எது என்று எனக்குத் தெரியவில்லை. அப்போதும் அழவில்லை. பயம்கூட இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னமோ போலத் தோன்றும் பாருங்கள், அப்படி இருந்தது. இன்றுவரை அந்த ஊசி தெளியவில்லை.

பெரியப்பா அதற்குப் பிறகு எழுதவில்லை. மை உரைக்கும் சத்தம் நின்றுபோனது. யாரையும் திட்டவில்லை, அப்பாவோடு பேச்சை நிறுத்தவில்லை. சாப்பாட்டு வேளையில் ரசத்தைச் சூடாகச் சாப்பிட்டார். அப்பா வேலை நிரந்தரமானது. பெரியம்மாவிடம் ஒரே ஒரு மாற்றம். முன்பெல்லாம் அரிசி மாவுத் தாளில் கறியை வைத்து நேம் சுருட்டிப் பொரித்தால் முதல் துண்டை ஊதி ஆற்றி என் கையில் தருவாள். பிறகு தட்டை நடுவில் வைத்துவிடுவாள், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் சாயங்காலம் ஆனால் பெரியப்பா கிளம்பிவிடுவார். முன்பு மாதம் ஒரு தடவை போனவர், இப்போது தினமும். மழை என்றாலும் குடை பிடித்துக்கொண்டு போவார். துறைமுகம் பக்கம், சாம்பல் விடும் அதே இடத்தில், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நிற்பார். மீன் விற்றுவிட்டுத் திரும்பும் பெண்களுக்கு அவர் பழகிப்போனார். அலை வரும்போது லேசாகத் தலை குனிவார் என்று அவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சாகும்வரை பதினோரு வருஷம் அப்படிப் போனார். நான் பெரியவளானேன், டீச்சர் வேலைக்குப் போனேன், கல்யாணம் ஆனது. ஒவ்வொரு நாளும், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவருக்கு மிஞ்சியிருப்பது அந்த இடம் ஒன்றுதான், அதையும் எப்படிப் பிடுங்குவது என்றும் நினைத்தேன். இரண்டாவது நினைப்பு வசதியாக இருந்ததால் அதையே வைத்துக்கொண்டேன்.

போன மாதம் அந்தப் பெண்ணின் புத்தகம் தபாலில் வந்தது. பெரியப்பாவுக்கு ஒரு முழு அத்தியாயம். அவர் கட்டுரையை அலசி ஆராய்ந்து, நம் ஊர்க்காரர் ஒருவர் எவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்று மரியாதையோடு எழுதியிருக்கிறாள். படித்த பிறகுதான் எங்கள் மாடியில் யார் இருந்தார் என்று எனக்கே தெரிந்தது. அத்தியாயத்தின் கடைசியில் ஒரு அடிக்குறிப்பு. அவருடைய அகராதி, எழுத்தை மதிக்கும் சீன மரபுப்படி எரிக்கப்பட்டு, சாம்பல் புதுச்சேரிக் கடலில் விடப்பட்டது; தகவல், குடும்பத்தார்.

மூன்று தடவை படித்தேன். திருத்தச் சொல்லி போன் பண்ணலாம் என்று நம்பரைத் தேடி எடுத்தேன். பேசவில்லை. புத்தகத்தை ஷோகேசில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். அவள் தண்ணீர் குடித்த பித்தளைச் செம்பு அங்கே கவிழ்த்திருந்தது. அம்மா காலத்துச் செம்பு. அன்று பெரியப்பா "சாம்பல் எங்கம்மா" என்று கேட்டபோது கொல்லையில் அம்மா கையில் இருந்தது அதுதான். அந்தத் தகர டப்பா காலியாகும்வரை, கார்த்திகை முழுக்க, எங்கள் வீட்டுப் பாத்திரங்களைத் தேயிலையும் சம்பானும் அமாவாசைப் படையலும்தான் துலக்கின.

அவர் பதினோரு வருஷம் நின்று குனிந்த கடலில் அவருடைய ஒரு எழுத்துகூட இல்லை.